சிறு கைத்தொழிலும் சுற்றாடற் காப்புச் சபைகளும்

அமெரிக்க நகரமொன்றின் தெருமுனையிலே சிறியதொரு சலவைக் கடை இருக்கின்றதெனக் கொள்வோம். கணவனும் மனைவியும் அதனை நடத்துகின்றனர். உதவிக்கு இரண்டொருவர் உளர். நீரிலே தோய்க்கலாகாத கம்பளி உடைகளையும் பட்டாடைகளையும் இரசாயனத் திரவமொன்றில் இட்டு அழுக்கு நீக்குவது அவர்தம் தொழில். உலர்சலவை என வழங்கும் இத்தொழிலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த திரவம் பேர்க்குளோரோஎதிலீன் என்பது. தொழில் செய்வோர் அதனைச் சுருக்கமாகப் 'பேர்க்' என்பர். அது எண்ணெயையும் கொழுப்பையும் எளிதிற் கரைப்பது; தீப்பற்றாதது. பெற்றோலியத்திலிருந்து பெறப்பட்ட பழைய திரவங்களால் கடைகள் தீப்பற்றி எரியும் அச்சம் இதன் வருகையால் நீங்கிற்று. ஆயினும், ஓர் அச்சம் நீங்க மற்றோர் அச்சம் புகுந்தது. இத்திரவத்தின் ஆவியை நெடுநாட் சுவாசிப்பது உடலுக்குக் கேடு விளைப்பது. நிலத்திற் சிந்தினால் அது மண்ணினூடே இறங்கி நிலத்தடி நீரைச் சென்றடையும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ஆம் ஆண்டில் இதனைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கத்தக்க பொருள்களுள் ஒன்றாக வகுத்தது.

இத்தகைய பொருளைக் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1990ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, நச்சுத்தன்மை வாய்ந்த 189 மாசுப்பொருள்களின் பட்டியல் அதிற் சேர்க்கப்பட்டது. பேர்க் அப்பட்டியலிலே இடம்பெற்றது. 1993ஆம் ஆண்டில் உலர்சலவைக் கடைகளுக்கென விதிகள் வெளியாயின. குறித்த கால இடைவெளிகளில் இயந்திரத்திற் கசிவு உண்டோ எனப் பார்த்தல் வேண்டும்; மாதந்தோறும் வாங்கிய திரவத்தின் அளவைப் பதிதல் வேண்டும்; அப்பதிவுகளை ஐந்து ஆண்டுகள் கடையிலேயே பேணி வைத்தல் வேண்டும். இவை அவ்விதிகளுட் சில.

விதிகள் நியாயமானவையே. ஆனால், அவற்றை எவர் படித்து விளங்கிக்கொள்வது? பெருந்தொழிற்சாலை ஒன்றுக்குச் சட்டம் தெரிந்த உத்தியோகத்தரும் பொறியியலாளரும் உளர். விதி வெளியாகுமுன்னரே அதன் வரைவை அவர்கள் கற்று, வேண்டிய மறுப்புக்களையும் அரசாங்கத்துக்கு அனுப்பிவிடுவர். சலவைக் கடைக்காரரோ தாமே முதலாளி, தாமே கணக்கர், தாமே தொழிலாளர். அமெரிக்காவில் இத்தொழிலை நடத்துவோருட் பலர் கொரியாவிலிருந்து வந்து குடியேறியோர். சட்டத்தின் ஆங்கிலம் அவர்களுக்கு இரு மடங்கு கடினம். கடையை மூடிய பின்னர் இரவிலே விழித்திருந்து படித்தாலன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரே விதியை நிறைவேற்ற ஆகும் செலவு ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு வருமானத்தில் ஒரு துளி. நால்வர் வேலை செய்யும் கடைக்கோ அது ஒரு மாத ஊதியமாகவும் ஆகக்கூடும்.

இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. காற்றையும் நீரையும் காக்கவென அரசாங்கம் அமைக்கும் சபைகளிலே சிறு கைத்தொழில் நடத்துவோருக்கு ஓர் ஆசனம் கொடுத்தல் தகுமா? தகுமென்றால், அவ்வாசனத்தில் அமர்பவருக்கு எத்துணை அதிகாரம் கொடுக்கலாம்? எளிய கேள்வி போலத் தோன்றினும், இதற்கு அமெரிக்கச் சட்டங்கள் இருபது ஆண்டுகளுக்குள் இருவேறு விடைகளைத் தந்துள்ளன. முரண்பட்டவை போலத் தோன்றும் அவ்விரண்டு விடைகளும் உண்மையில் ஒன்றையொன்று நிரப்புவன.

முதல் விடை அனுபவத்தின் கசப்பிலிருந்து பிறந்தது. மாசுக் கட்டுப்பாட்டுச் சபைகளை மாநிலங்கள் முதன்முதலில் அமைத்தபோது, தொழிலைப் பற்றி அறிந்தவர்களே தொழிலைக் கட்டுப்படுத்த வல்லார் என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. ஆதலின் ஆலைகளோடு தொடர்புடையோர் பலர் அச்சபைகளில் இடம்பெற்றனர். 1970ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை இதனை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. காற்றையும் நீரையும் மாசுபடுத்துவதில் முன்னணியில் நின்ற தொழில்களையும் உள்ளூராட்சி அமைப்புக்களையும் சேர்ந்தோர் 35 மாநிலங்களின் சபைகளில் அங்கத்தவராய் இருந்தமை அதனால் வெளிவந்தது. ஆற்றில் கழிவு விடுவோரே அக்கழிவை விடலாமா என்று தீர்ப்புக் கூறும் நிலை அது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் எந்நாட்டு நீதிக்கும் ஒவ்வாதது.

இதன் பின்னர்ச் சட்டம் கதவை அடைத்தது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், கழிவுநீர் அனுமதிப்பத்திரங்களை அங்கீகரிக்கும் எந்தச் சபையிலும், அப்பத்திரம் பெற்றவரிடமிருந்தோ அதற்கு விண்ணப்பித்தவரிடமிருந்தோ தம் வருமானத்தின் கணிசமான பகுதியைப் பெறுபவர் அங்கத்தவராய் இருத்தலாகாது என விதித்தது. முந்திய இரண்டு ஆண்டுகளுள் அவ்வாறு பெற்றவரும் விலக்கப்பட்டனர். தூய காற்றுச் சட்டத்திற்கு 1977ஆம் ஆண்டிற் கொணரப்பட்ட திருத்தம் சிறிது நெகிழ்ச்சியுடையது. அனுமதிப்பத்திரங்களையோ தண்டனைக் கட்டளைகளையோ அங்கீகரிக்கும் சபைகளிலே பெரும்பான்மையோர் பொதுமக்கள் நலனைப் பிரதிபலிப்பவராயும், கட்டுப்பாட்டுக்கு உட்பட்டோரிடமிருந்து கணிசமான வருமானம் பெறாதவராயும் இருத்தல் வேண்டும் என்றது அத்திருத்தம். நலன்கள் முரண்படும் இடங்களை அங்கத்தவர் வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும் எனவும் அது கூறியது.

இவ்விதிகள் பேராலையின் செல்வாக்கை மனத்திற் கொண்டு எழுந்தவை. ஆயின் அடைத்த கதவுக்கு வெளியே சிறியவரும் நின்றனர். பெரியவருக்குக் கதவு அடைபட்டாலும், வழக்கறிஞர் மூலமாகவும் வர்த்தக சங்கங்கள் மூலமாகவும் அவர்தம் குரல் உள்ளே சென்றது. சிறியவருக்கோ அந்த வழியும் இல்லை. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் பல்லாயிரம் சிறு தொழிலகங்களை முதன்முறையாகக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணரப் போகின்றது என்பது தெளிவானபோது, அவற்றின் நிலை யாது என்ற கவலையும் பிறந்தது.

இரண்டாவது விடை அங்கே கிடைக்கின்றது. அச்சட்டத்தின் 507ஆம் பிரிவு, சிறு தொழிலகங்களுக்குத் தொழில்நுட்ப உதவியும் சட்ட விளக்கமும் அளிக்கும் திட்டமொன்றை ஒவ்வொரு மாநிலமும் அமைத்தல் வேண்டும் என்றது. அத்திட்டத்தில் மூன்று உறுப்புக்கள் உள. சிறு தொழிலாளர் சார்பில் நின்று முறைப்பாடுகளைக் கேட்டு ஆவன செய்யும் அலுவலகம் ஒன்று. விதிகளை எவ்வாறு நிறைவேற்றலாம் எனக் கற்பிக்கும் உதவித் திட்டம் ஒன்று. இவ்விரண்டும் செவ்வனே நடைபெறுகின்றனவா எனப் பார்க்கும் ஆலோசனைக் குழு ஒன்று.

ஆலோசனைக் குழுவின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அதில் ஏழு பேருக்குக் குறையாமல் அங்கத்தவர் இருத்தல் வேண்டும். இருவரை மாநில ஆளுநர் நியமிப்பார். அவ்விருவரும் சிறு தொழிலகங்களின் உரிமையாளராகவோ அவர்தம் பிரதிநிதிகளாகவோ இராமல், பொதுமக்களின் பிரதிநிதிகளாய் இருத்தல் வேண்டும். நால்வரை மாநிலச் சட்டசபையின் இரு மன்றங்களும் தெரிவு செய்யும். ஒவ்வொரு மன்றத்திலும் பெரும்பான்மைக் கட்சித் தலைமை ஒருவரையும், சிறுபான்மைக் கட்சித் தலைமை ஒருவரையும் தெரிந்தெடுக்கும். இந்நால்வரும் சிறு தொழிலகங்களின் உரிமையாளராகவோ அவர்தம் பிரதிநிதிகளாகவோ இருப்பர். எஞ்சிய ஒருவரைக் காற்று மாசு அனுமதிப்பத்திரம் வழங்கும் திணைக்களத்தின் தலைவர் நியமிப்பார்.

ஏழு பேரில் நால்வர் தொழில் நடத்துவோர். ஆகவே பெரும்பான்மை அவர்களுடையது. 1977ஆம் ஆண்டில் எந்தப் பெரும்பான்மையைச் சட்டம் விலக்கியதோ அதனையே பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் அது தானே ஏற்படுத்தியது. இது முரண்பாடன்றோ எனச் சிலர் வினவலாம். முரண்பாடில்லை என்பதற்குக் காரணம் அதிகாரத்தின் தன்மையிலே உள்ளது. ஆலோசனைக் குழு எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லை. எவருடைய குற்றத்தையும் மன்னிப்பதில்லை. உதவித் திட்டம் பயன் தருகின்றதா, விதிகளை நடைமுறைப்படுத்துவதிலே எதிர்ப்படும் இடர்கள் யாவை, தண்டனைகளின் கடுமை எத்தகையது என்பன பற்றிக் கருத்துரைப்பதே அதன் பணி. தீர்ப்பு வழங்கும் ஆசனத்தில் தொழில் நடத்துவோர் பெரும்பான்மையாதல் ஆகாது; சாட்சி கூறும் ஆசனத்தில் அவர்கள் பெரும்பான்மையாதல் வேண்டும். இரண்டு சட்டங்களையும் ஒருங்கே நோக்கினால் கிடைக்கும் நெறி இதுவே.

இக்குழுவுக்கு இன்னுமொரு கடமையையும் சட்டம் விதித்துள்ளது. சிறு தொழிலகங்களுக்கு அனுப்பப்படும் அறிவித்தல்கள் சாதாரண மனிதர் படித்து விளங்கிக்கொள்ளத் தக்கனவாய் உள்ளனவா எனக் குழு பார்த்தல் வேண்டும். இது சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால், விதியை மீறுவோரெல்லாரும் தீயோரல்லர்; விதி இன்னதென்று அறியாமையால் மீறுவோரும் உளர். விளங்காத மொழியில் எழுதப்பட்ட விதி எழுதப்படாத விதியைப் போன்றதே. தண்டிக்கும்போது மட்டும் அது உயிர் பெற்று எழும். ஓர் அறிவித்தலை அச்சிடுமுன்னர் அதனைச் சலவைக் கடைக்காரரிடமும் அச்சக உரிமையாளரிடமும் வாகனத்துக்கு வர்ணம் பூசுபவரிடமும் காட்டி, 'இது விளங்குகின்றதா?' என்று கேட்பது, நூறு பரிசோதகரை அனுப்புவதிலும் மேலான பயன் தரலாம்.

'சிறியவர்' என்பார் யார் என்பதையும் சட்டம் வரையறுத்தல் வேண்டும். அன்றேற் பெரியவரும் சிறியவர் வேடம் பூண்டு வருவர். 507ஆம் பிரிவின்படி, நூறு பேருக்கு மேற்படாதோர் வேலை செய்யும் தொழிலகமே இவ்வுதவிக்கு உரியது. அது எந்த ஒரு மாசுப்பொருளையும் ஆண்டொன்றுக்கு 50 தொன் அளவில் வெளிவிடலாகாது. எல்லாம் சேர்ந்தும் 75 தொன்னை எட்டலாகாது. ஆட்தொகையை மட்டுமன்றி மாசின் அளவையும் நோக்கியமை இவ்வரையறையின் சிறப்பு. வேறு சில அமெரிக்கச் சட்டங்களின் கணிப்பிலோ, ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையும் சிறு தொழிலகமாகி விடுவதுண்டு. அத்தகைய ஆலையின் பிரதிநிதி பேசும்போது நால்வர் வேலை செய்யும் கடையின் குரல் அதிற் கேட்கும் என எதிர்பார்த்தல் அரிது.

1996ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி எடுத்து வைக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் ஆக்க எண்ணும் விதியொன்று சிறு நிறுவனங்கள் பலவற்றைக் கணிசமாகப் பாதிக்குமெனின், வரைவு வெளியாகுமுன்னரே மீளாய்வுக் குழுவொன்றைக் கூட்டல் வேண்டும் என அவ்வாண்டுச் சட்டம் பணித்தது. அக்குழு சிறு நிறுவனங்களின் பிரதிநிதிகளுடைய கருத்தை அறிந்து, 60 நாட்களுக்குள் அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும். கட்டி முடித்த வீட்டிலே கதவை இடம் மாற்றுவது கடினம். வரைபடத்திலே மாற்றுவது எளிது. விதி வரைபடமாய் இருக்கும் பொழுதே கருத்துக் கேட்பது இருசாராருக்கும் நன்மை பயப்பது.

இவ்வளவும் சட்டத்தின் ஏட்டிலே உள்ளவை. நடைமுறையிலோ குறைகள் இல்லாமலில்லை. ஆலோசனைக் குழுக்களின் ஆசனங்கள் சில மாநிலங்களில் நெடுங்காலம் வெற்றிடமாய்க் கிடந்ததுண்டு. காரணம் ஊகிக்கத்தக்கதே. பேராலையின் பிரதிநிதி கூட்டத்துக்குச் செல்வது அவருக்கு உத்தியோகக் கடமை. அதற்கென அவருக்கு ஊதியமும் உண்டு. கடைக்காரர் கூட்டத்துக்குச் செல்வதாயின் அன்றைக்குக் கடையைப் பூட்டல் வேண்டும். ஆசனம் கொடுப்பது மாத்திரம் போதாது. அவ்வாசனத்தில் வந்து அமர்வதற்கு வேண்டிய வசதியையும் கொடுத்தாலன்றி, பிரதிநிதித்துவம் பெயரளவில் நின்றுவிடும்.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. சிறியவர் என்பதனால் மட்டும் ஒருவர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரா? ஒரு கடையின் மாசு சிறிது. ஆயிரம் கடைகளின் மாசு சிறிதன்று. இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பாலாற்றங்கரையிலேயே அது உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. முன்னாளில் ஆவாரம்பட்டை முதலியவற்றாற் பதனிட்டனர். பின்னாளிற் குரோமிய உப்புக்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அத்தொழிலகங்களுட் பல சிறியவை. தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கவில்லை. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக விட்ட கழிவு, கிணறுகளிலும் வயல்களிலும் சேர்ந்தது.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலே எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வின்படி, தோல் தொழிற் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்ற நெறியையும், கேடு வருமுன்னரே காத்தல் வேண்டும் என்ற நெறியையும் நீதிமன்றம் நாட்டின் சட்டத்தின் பகுதிகள் எனப் பிரகடனம் செய்தது. தொழிலகம் ஒவ்வொன்றும் 10,000 ரூபா தண்டம் செலுத்தல் வேண்டும் எனவும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற் சேர்தலோ தனி நிலையம் அமைத்தலோ செய்தல் வேண்டும் எனவும் கட்டளையிட்டது.

இங்கே இழப்புக்குள்ளான உழவரும் சிறியவரே. கிணற்று நீர் உவர்த்துப்போன சிறு விவசாயிக்கும், தொழிலகம் மூடப்பட்டால் வாழ்விழக்கும் சிறு தோல் வணிகருக்கும் இடையே நின்று நீதி செய்வதே சபையின் பணி. இவர்களோடு தொழிலாளரையும் சேர்த்து எண்ணல் வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையிலே பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது கழிவுச் சேறு பாய்ந்ததில் 10 பேர் உயிரிழந்தனர். அவர்களினும் சிறியவர் எவருமிலர்.

இந்தியாவின் 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாநிலச் சபையின் அமைப்பை வகுக்கின்றது. தலைவர், முழுநேர உறுப்பினர் செயலாளர், அரசாங்க உத்தியோகத்தர் ஐவர் வரை, உள்ளூராட்சி மன்ற உறுப்பினர் ஐவர் வரை, அரசாங்கக் கூட்டுத்தாபனங்களின் பிரதிநிதிகள் இருவர் ஆகியோருக்கு அதில் இடமுண்டு. விவசாயம், மீன்பிடி, கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்கும், இடம்பெறத் தக்கதென அரசாங்கம் கருதும் பிற நலன்களுக்குமாக மொத்தம் மூவருக்கு மேற்படாத ஆசனங்களே உள. உழவரும் மீனவரும் ஆலை முதலாளியும் வணிகரும் மூன்று ஆசனங்களைப் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். தொழிலாளரைச் சட்டம் பெயர் சுட்டிக் கூறவில்லை. சிறு தொழில் பெருந்தொழில் என்ற வேறுபாட்டையும் அது காட்டவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைச் செய்து விற்போர் அங்கத்தவராதலைச் சட்டம் தடுக்கின்றது. இச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டோரையும் அது விலக்குகின்றது. ஆனால், கழிவை வெளிவிடும் தொழிலிற் பங்குடையவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை அது விலக்கவில்லை. இச்சபையோ இசைவு வழங்கும் அதிகாரமுடையது. அமெரிக்கச் சட்டங்கள் வேறு வேறாக வைத்த தீர்ப்பாசனமும் சாட்சியாசனமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இரு நாடுகளின் அனுபவத்தையும் நோக்குமிடத்துச் சில முடிபுகள் தெளிவாகும். விதி வரையப்படும் பொழுதே சிறு தொழில் நடத்துவோரின் கருத்துக் கேட்கப்படல் வேண்டும். அனுமதி வழங்கும் பொழுதும் தண்டிக்கும் பொழுதும் அவர் விலகி நிற்றல் வேண்டும். அவர் இருக்கும் அவையிலே அவர்தம் தொழிலால் இழப்புக்குள்ளாகக்கூடிய அயலவருக்கும் தொழிலாளருக்கும் இடம் இருத்தல் வேண்டும். விதியைத் தளர்த்துவது உதவியன்று; விதியை நிறைவேற்றும் வழியைக் காட்டி, அதற்குக் காலமும் பொருளும் அளிப்பதே உதவி.

இந்த இறுதி உண்மைக்குச் சலவைக் கடைகளின் பிற்கால வரலாறே சான்றாகின்றது. கலிபோர்ணியா மாநிலம் 2003ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்றினாற் பேர்க் திரவத்தின் மீது கட்டணம் விதித்தது. அக்கட்டணத்தால் வந்த பணத்திலிருந்து, நச்சற்ற முறைக்கு மாறும் கடைக்காரருக்கு 10,000 டொலர் உதவிப்பணம் வழங்கியது. 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதியோ, புதிய பேர்க் இயந்திரங்களை முதலிலே தடுத்து, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்குள் எல்லா இயந்திரங்களையும் நீக்குமாறு பணித்தது. பதினைந்தாண்டு அவகாசம் அது. பழைய இயந்திரம் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் வரும்போது புதிய முறைக்கு மாறிக்கொள்ளக் கடைக்காரருக்கு அதனால் வழி பிறந்தது. அயலவரின் காற்றும் கிணறும் காக்கப்பட வேண்டும் என்ற முடிபோ ஒருபோதும் தளர்த்தப்படவில்லை.

தெருமுனைச் சலவைக் கடையின் மேல்மாடியிலே ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கீழே உழைப்பவருக்கு அவருடைய தொழில் வேண்டும்; மேலே உறங்கும் குழந்தைக்குத் தூய காற்று வேண்டும். சபையொன்று கூடும்பொழுது, கீழேயுள்ளவர் வந்து தம் இடரைச் சொல்ல ஓர் ஆசனம் இருக்குமாயின், மேலேயுள்ள குழந்தையின் சார்பிற் பேசவும் ஓர் ஆசனம் இருத்தல் வேண்டும். இருவரையும் கேட்டபின் தீர்ப்புக் கூறுபவர் இருவரிடமும் கூலி பெறாதவராய் இருத்தல் வேண்டும்.